வெள்ளிக்கிழமை மிஸ்டு கால்

அலெக்ஸாண்ட்ரியாவில் அஸாஃப்ரா பக்கம், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி நிற்கும் அந்தப் பழைய கட்டடத்துக் காவல்காரரை எல்லோரும் அப்து என்றே கூப்பிட்டார்கள். குழந்தைகளுக்கு அப்து மாமா, பெரியவர்களுக்கு வெறும் அப்து. காவல்காரனுக்கு இன்னொரு பெயர் இருக்குமோ என்று எந்த மாடியிலும் எவரும் யோசித்ததில்லை. அந்த அலட்சியம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய அசல் பெயர் ரஷ்வான். அதை யாராவது தெருவில் உரக்கச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே அவருக்கு மீசை நரைத்துவிட்டது.

சொந்த ஊர் தெற்கே, சோஹாக் பக்கம், நைலிலிருந்து பிரியும் ஒரு கால்வாயின் கரை. அவருடைய அண்ணன் அங்கே தண்ணீர் முறை யாருக்கு என்ற தகராறில் ஹவ்வாஸ் வீட்டு ஆள் ஒருவரை மண்வெட்டியால் அடித்தார். அடி, படக்கூடாத இடத்தில் பட்டது; ஆள் பிழைக்கவில்லை. அண்ணன் சிறைக்குப் போய், அங்கேயே நெஞ்சடைத்துச் செத்தும் போனார். சர்க்காருக்கு விவகாரம் அதோடு முடிந்தது. ஹவ்வாஸ் வீட்டுக்கு முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களைக்கூட அவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பழி தீர்ந்த பிறகுதான் துக்கத்துக்கு உட்காருவோம் என்றார்கள். அண்ணன் போன பிறகு அந்தப் பழிக்கு உரிய கழுத்து தம்பியினுடையது. ஊர் வழக்கம் அப்படி.

ரஷ்வான் அப்போது கரும்பு ஏற்றும் சின்ன ரயிலில் பெட்டி கோக்கும் வேலையில் இருந்தார். நன்றாகப் பாடுவார் என்பார்கள். பெண் பேசி முடித்திருந்தார்கள். அண்ணனின் சாவுச் செய்தி வந்த மறுநாளே பெண் வீட்டார் ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாள் குறித்துவிட்ட கழுத்தை நம்பி யார் பெண் கொடுப்பார்கள்? ரஷ்வான் வடக்கே போகிற ரயிலில் ஏறினார். கடல் வந்து, இனி ரயில் போகாது என்ற இடத்தில் இறங்கினார்.

அதற்குப் பிறகு பாட்டும் இல்லை, கல்யாணமும் இல்லை. கார் துடைத்தார், ரொட்டி வாங்கி வந்தார், மாடி மாடியாகக் கேஸ் சிலிண்டர் தூக்கினார். வாசல் பெஞ்சில் உட்காரும்போது முதுகை எப்போதும் சுவரோடு சாய்த்துக்கொள்வார். தலைப்பாகை கட்டிய தெற்கத்தி ஆள் எவராவது தெருவில் வந்தால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் அறைக்குள் போய் எதையோ தேடுகிறவரைப் போலக் குனிந்துகொள்வார். கட்டடத்துக்காரர்கள் அதை வேலைக் கள்ளம் என்று நினைத்துக் கிண்டல் செய்தார்கள்.

அந்த அறையின் ஆணியில், ஒரு துணிப்பையில், பொத்தான் வைத்த சின்ன செல்போன் தொங்கியது. அதன் எண் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்: ஊரில் இருந்த தங்கை ஸக்கிய்யாவுக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனதும், வீடு ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒன்று வந்தால், ஊரில் எல்லாம் அமைதி, யாரும் உன்னைத் தேடிக் கிளம்பவில்லை என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வந்தால், இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, கிளம்பிவிடு என்று அர்த்தம். எடுக்கக்கூடாது, திரும்ப அழைக்கக்கூடாது, பேசக்கூடாது. ஏனென்றால் ஸக்கிய்யாவின் நாத்தனார் ஹவ்வாஸ் வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் அவள் மகன்களும் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தவறாமல் அவள் பிறந்த வீடான ஸக்கிய்யாவின் வீட்டுக்கு வருவார்கள். தொழுகை முடிந்தால் அந்த வீடு முழுக்கக் காதுகள்.

இத்தனை வருஷமும் ஒரே மணிதான் அடித்தது. அதைக் கேட்ட பிறகுதான் ரஷ்வானுக்குச் சோறு இறங்கும். அதற்காகவே அவர் ஜும்ஆவுக்குப் போவதில்லை. இரண்டாவது மாடி எஞ்சினியர் கேலி செய்வார்: "அப்து, வெள்ளிக்கிழமை கூடத் தொழப் போகாத காவல்காரன் இந்தத் தெருவிலேயே நீ ஒருத்தன்தான்யா. அல்லாகிட்ட எங்க பேரையும் சேர்த்துக் கெடுக்காத." ரஷ்வான் சிரித்து, "எல்லாரும் போயிட்டா கட்டடத்த யாரு பாக்கிறதுங்க?" என்பார்.

சிம் மட்டும் அவர் பெயரில் இல்லை. அது மூன்றாவது மாடி இன்ஷிராஹ் டீச்சர் பெயரில் இருந்தது. டீச்சர் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்கனியில் நின்று பேசினால் டிராம் நிறுத்தம் வரைக்கும் பாடம் நடக்கும். அடையாள அட்டை ஊரில் இருக்கிறது என்று ரஷ்வான் அன்றைக்குப் புளுகியபோது, "அதுக்கென்ன, என் பேர்ல எடுத்துக்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவர்தான். ஊர் வழக்கம் இதுதானே. அப்பா பெயரில் மகன் பேசுகிறான், முதலாளி பெயரில் டிரைவர் பேசுகிறான். லைன் யார் பெயரில் இருந்தால் என்ன, மணி அடித்தால் போதாதா?

சிம் கொடுத்த கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள். அதே கம்பெனியிடம்தான் டீச்சர் வீட்டு இன்டர்நெட்டும் வாங்கியிருந்தார். அது வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. குவைத்தில் இருக்கும் பேத்தியின் முகம் திரையில் பாதியோடு உறைந்து நிற்கும். ஒவ்வொரு முறை அழைத்தபோதும் பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். டீச்சர் அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். ஒரு நாள் பொறுமை போய், போனில் கத்தினார்: "என் பேர்ல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் வெட்டி எறிங்க! உங்க சங்காத்தமே வேண்டாம்!"

அந்தக் கம்பெனி பிறந்த நாள் முதல் வாடிக்கையாளர் சொன்னதை உடனே செய்தது அந்த ஒரு தடவைதான். எல்லாவற்றையும் வெட்டினார்கள். டீச்சரின் சொந்த செல்போன் வேறு கம்பெனி என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே, ஆணியில் தொங்கிய போன் செத்துப்போனது.

ரஷ்வான் அதைக் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேரம் பார்க்க எடுத்தபோது, திரையில் கம்பெனி பெயர் இருக்கும் இடம் காலியாக இருந்தது. அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றி அங்கியில் துடைத்து மாட்டினார். வாசலுக்கு வந்து கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.  அவரைப் பொறுத்தவரை ஊரின் பக்கம் இருந்த ஒரே ஜன்னல் அடைத்துக்கொண்டது. இந்த நிமிஷம் ஹவ்வாஸ் வீட்டு ஆள் ரயில் ஏறினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

ரஷ்வான் மேலே போய்ச் சொன்னதும் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, உன் லைனும் என் பேர்லதான் இருந்துச்சா! மறந்தே போச்சு அப்து. இரு, இப்பவே வாங்கித் தர்றேன்." தன் போனை அவர் கையில் கொடுத்து, கம்பெனியின் எண்ணைப் போட்டுவிட்டு, அடுப்பில் மீன் கருகுகிறது என்று உள்ளே ஓடினார்.

ரஷ்வான் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் குரல், ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது, மறுபடி பாட்டு. கல்யாண வீட்டில் போடுகிற மாதிரித் துள்ளலான பாட்டு. கழுத்துக்குக் கத்தி வருமோ என்று உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பாட்டைப் போட்டவன் நன்றாக இருக்கட்டும். பாட்டு நான்கைந்து சுற்று சுற்றிய பிறகு ஒரு ஆள் வந்தான்.

"வாடிக்கையாளர் சேவை. என்ன உதவி வேணும் சார்?"

"என் லைன் போயிருச்சு தம்பி. திரும்ப வேணும்."

"ரொம்ப வருத்தம் சார். உங்க பேரு?"

"அப்து."

"முழுப் பேரு சார். உங்க பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு, குடும்பப் பேரு. நாலும் வேணும்."

ரஷ்வான் படிக்கட்டின் மேலும் கீழும் பார்த்தார். எஞ்சினியர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. "லைன் என் பேர்ல இல்ல தம்பி. டீச்சரம்மா பேர்ல."

"அப்ப அவங்கதான் பேசணும் சார்."

"அவங்க மீன் வறுக்கிறாங்க."

"உங்க பேர்ல மாத்திக்கணும்னா ரெண்டு பேரும் அட்டையோட நேரா ஆபீசுக்கு வாங்க சார். சீக்கிரம் வாங்க. அந்த நம்பர் கொஞ்ச நாள்தான் சும்மா இருக்கும். அப்புறம் வேற ஆளுக்குப் போயிடும்."

"வேற ஆளுக்கா?"

"ஆமா சார். எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சுங்களா?"

ரஷ்வான் போனை டீச்சர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கீழே வந்தார்.  அந்த எண் இன்னொருவன் பைக்குப் போய், ஸக்கிய்யா கொடுக்கும் மணியை அவன் எடுத்து, "யாரும்மா நீ?" என்று கேட்டால்? இரண்டு மணி அடிக்க வேண்டிய நாளில், அந்த இரண்டும் எவனோ ஒருவனுடைய சட்டைப்பையில் அடித்தால்? போன் இருந்தால்தான் பிழைப்பார். போன் வேண்டுமென்றால் நான்கு பெயரையும் ஊரறியச் சொல்ல வேண்டும். அன்று அவர் வாசலில் உட்காரவே இல்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே ஒளித்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து, அதில் இருந்த இளவயது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை டீச்சர் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனார். வரிசை எண் சீட்டுக் கொடுக்கும் மிஷின் கெட்டுப்போயிருந்தது. அதனால் வாசலில் நின்ற செக்யூரிட்டி ஆள் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து முழுப் பெயரையும் கூவி அழைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ரஷ்வான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, இன்னொரு நாள் வரலாமா? இன்னிக்குக் கூட்டமா இருக்குது."

"இன்னொரு நாள் மட்டும் இவனுங்க ஆள் இல்லாம உக்காந்திருப்பானுங்களா? குடு அட்டைய."

குளிரூட்டிய அந்த ஹாலில் மூலை நாற்காலி பார்த்து, முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தார். அப்புறம்தான் பார்த்தார். எதிர் வரிசையில் ஒரு தெற்கத்தி ஆள். வெள்ளைத் தலைப்பாகை, பழுப்பு அங்கி, தோளில் சால்வை. அவன் ரஷ்வானையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஷ்வான் தலையைக் குனிந்தார். நிமிர்ந்தபோதும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கவுன்டரில் இருந்த பெண், "சிஸ்டம் விழுந்துருச்சு, கொஞ்சம் உக்காருங்க" என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். எழுந்து போகவும் முடியாது, அட்டை செக்யூரிட்டியின் கையில் இருக்கிறது. அந்தத் தெற்கத்தி ஆளின் பார்வை ஒரு கொசு மாதிரி முகத்திலேயே மொய்த்தது.

சிஸ்டம் எழுந்தது. செக்யூரிட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரஷ்வான் அப்துல்மவ்ஜூத் ஹம்தான் அல்-ஜஹ்லான்!"

ரயில் ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் காதால் கேட்டதில்லை. யாரோ பின்னங்கழுத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. அவர் அசையவில்லை.

"ரஷ்வான் அப்துல்மவ்ஜூத்! யாருப்பா அது? இருக்கியா, போயிட்டியா?"

செக்யூரிட்டி அட்டையைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "அது நீதானே அப்து! உன் பேரு ரஷ்வானா? அடப்பாவி, இத்தனை வருஷமா அப்து அப்துன்னு கூப்பிட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? எவ்வளவு அழகான பேரு! ரஷ்வான்!"

"மெதுவா டீச்சரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன் மெதுவா? பேரு என்ன திருட்டுச் சாமானா?"

கவுன்டர்ப் பெண் அம்மா பெயர் கேட்டாள். தெற்கத்தி ஆண்பிள்ளை எவனும் பெற்ற தாயின் பெயரை நாலு பேர் நடுவில் உச்சரிக்க மாட்டான். ரஷ்வான் கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார். அவள் அதை உறுதிப்படுத்திக்கொள்ள உரக்கத் திருப்பிச் சொன்னாள். அவமானத்தில் அவர் காது மடல் சிவந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், கட்டை விரலும் வைத்தார். "இருபத்து நாலு மணி நேரத்துல வந்துரும் சார்" என்றாள் அவள்.

திரும்பினால், தலைப்பாகைக்காரன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் கை அங்கியின் பக்கவாட்டுப் பைக்குள் போனது. ரஷ்வான் கண்ணை மூடிக்கொண்டு, சாகப்போகிறவன் சொல்லும் கலிமாவைச் சொன்னார்.

"மாமா, நீங்க சோஹாக் பக்கமா?"

"இல்ல."

"முகம் நம்ம ஊரு முகமா இருந்துச்சு. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க." அவன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை வெளியே எடுத்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க விரல் வைக்கணும்னு சொல்லுங்களேன். காலையிலேருந்து யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

ரஷ்வான் இடத்தைக் காட்டினார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வெறும் டீதான் வந்தது. டீச்சர் அவர் முதுகைத் தடவிவிட்டு, "ஏசி ஒத்துக்கல போல" என்றார். வீடு வரும் வரை ரஷ்வானுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான்: பெயரைச் சொல்லியாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு இருக்கிறோம். பல வருஷத்துக்குப் பிறகு அன்று மாலை கார் துடைக்கும்போது அவர் வாய் தானாக ஒரு பழைய பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தது.

வியாழக்கிழமை லைன் வரவில்லை. டீச்சர் போன் போட்டுக் கேட்டதற்கு, கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டதற்கு, அப்படி ஒரு கோரிக்கையே இல்லை என்றார்கள். மூன்றாவதாக வந்த ஒருத்தி, "நாளைக்கு மதியத்துக்குள்ள கட்டாயம் வந்துரும் மேடம், இன்ஷா அல்லாஹ்" என்றாள். ரஷ்வான் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தார்.

வெள்ளிக்கிழமை. தெரு ஆண்கள் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். ஒலிபெருக்கியில் பிரசங்கம் ஆரம்பித்தது. ரஷ்வான் போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனி பெயர் வரவில்லை. இந்நேரம் ஊரில் ஸக்கிய்யா மொட்டை மாடியில் கோழிகளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் போட்டிருப்பாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் அவளிடம் சொல்லியிருக்கும். அவள் என்ன நினைப்பாள்? அண்ணனை முடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பாள்? ஒரு கூச்சல் போட்டாள் என்றால், இத்தனை வருஷமும் அவளுக்கு அவர் இருப்பிடம் தெரியும் என்று ஊருக்கே விளங்கிவிடும். அவளைப் பிடித்து உலுக்கினால் சொல்லாமலா இருப்பாள்?

இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்தார். தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எஞ்சினியர் கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு, "என்ன அப்து, கட்டடம் பத்திரமா?" என்று கேட்டுவிட்டு ஏறிப்போனார். ரஷ்வான் போனை இன்னொரு தடவை பார்த்தார். அதற்கு மேல் தாங்காமல் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

"டீச்சரம்மா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஊருக்கு ஒரே ஒரு மிஸ்டு கால். பேசக்கூட மாட்டேன்."

"பேசேன்யா, யாரு வேண்டாம்னா? எனக்கு நிமிஷம் இலவசம்."

"வேண்டாங்க. ஒரு மணி அடிச்சாப் போதும்."

தங்கையின் எண் அவருக்கு மனப்பாடம். போட்டார். ஒரு மணி அடித்ததும் வெட்டினார். புது எண்ணிலிருந்து ஒற்றை மணி. ஸக்கிய்யா புத்திசாலி, புரிந்துகொள்வாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றியாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே வந்து, பீன்ஸ் கடையலும் ரொட்டியும் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நல்ல பசி. வெங்காயத்தைக் கையால் குத்தி உடைத்தார்.

பாதிச் சாப்பாட்டில் மேலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. டீச்சர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ வாங்கி வரச் சொல்கிறார் என்று ரஷ்வான் எழுந்து தெருவுக்கு வந்தார். கூடையில் இரண்டு மாம்பழங்கள் இருந்தன.

"உனக்குத்தான், எடுத்துக்க. உன் ஊர்லேருந்து போன் வந்துச்சு ரஷ்வான்!"

கூடையில் வைத்த கை அப்படியே நின்றது.

"யாரு டீச்சரம்மா?"

"பேரு சொல்லல. என்ன ஒரு மரியாதையான ஆளு தெரியுமா! 'இந்த நம்பர்லேருந்து எங்க வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் வந்துச்சு, யாருங்க நீங்க'ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்க முடியுமா? 'எங்க ரஷ்வான்தான் குடுத்தாரு'ன்னேன். 'எந்த ரஷ்வான்'னாரு. நான் அட்டையில பாத்தேனே, நாலு பேரையும் கடகடன்னு சொன்னேன்ல! அவருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம் பேச்சே வரல."

ரஷ்வான் சுவரைத் தேடினார். தெரு நடுவில் சுவர் இல்லை. மிஸ்டு கால் வந்தால் திரும்ப அழைத்து யாரென்று கேட்பதுதான் உலகத்தில் எல்லோரும் செய்கிற காரியம். திரும்ப அழைக்காத உலகத்தில் அத்தனை வருஷம் வாழ்ந்ததில் அது அவருக்கு மறந்தே போயிருந்தது. தொழுகை முடிந்த நேரம் என்பதும், நாத்தனாரின் மகன்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் இப்போதுதான் தலையில் இறங்கியது. ஸக்கிய்யாவின் போன் எப்போதும் ஜன்னல் விளிம்பில் இருக்கும். எவன் வேண்டுமானாலும் எட்டி எடுக்கலாம்.

"வேற என்ன கேட்டாரு?" என்றார். குரல் கீழேயே தங்கிவிட்டது. அவர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"எங்க இருக்கான், எப்படி இருக்கான்னாரு. நல்லா இருக்கான், அந்தக் கம்பெனிதான் அவனைப் பாடாப் படுத்துதுன்னு சொன்னேன். விலாசம் கேட்டாரு. ஊர்லேருந்து ஒரு ஆள் வர்றாராம், உனக்குச் சாமான் குடுத்து அனுப்பணுமாம். டிராம் நிறுத்தத்துலேருந்து எப்படி வரணும்னு அடையாளத்தோட சொல்லியிருக்கேன். நான் பூகோள டீச்சர்யா, வழி சொன்னா தப்பாது!"

ரஷ்வான் தலையாட்டினார். அவருக்கு டீச்சர் மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு இடம் இருந்தால்தானே. பயம் கால் நுனியிலிருந்து உச்சி வரைக்கும் ஏறி நின்றது. இவ்வளவு காலம் அவர் தலைப்பாகைகளுக்குப் பயந்தார், அந்நியருக்குப் பயந்தார், செக்யூரிட்டியின் தொண்டைக்குப் பயந்தார். இரண்டு மாம்பழம் கொடுத்து அன்பாகச் சிரிக்கிற இந்த முகத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்போது அங்கிப் பைக்குள் போன் ஒரு முறை துள்ளியது. எடுத்துப் பார்த்தார். திரையில் கம்பெனியின் பெயர் வந்திருந்தது. கூடவே ஒரு செய்தி. எழுத்துக் கூட்டிப் படித்தார்: மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் ரஷ்வான் அப்துல்மவ்ஜூத், எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.

படித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. ஸக்கிய்யாவின் எண். ஒரே மணி. நின்றது.

 வேண்டாம் அம்மா, இதோடு விட்டுவிடு, இதோடு போதும் என்று தங்கையிடம் மனசுக்குள் கெஞ்சினார். தெருவில் ஒரு ரொட்டி வண்டி போனது. எஞ்சினியர் வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

மறுபடி அடித்தது. ஒரே மணி. நின்றது.

மேலே டீச்சர் கை தட்டினார். "பாத்தியா, வந்துருச்சு! ரெண்டு தடவை அடிச்சுதே, எனக்கே கேட்டுச்சு! மப்ரூக் ரஷ்வான், வாழ்த்துகள்!"

அந்தப் பெயர் தெரு முழுக்கப் போய் டிராம் நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். ரஷ்வான் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார், இந்தக் கோடியைப் பார்த்தார். அப்புறம் மாம்பழங்களைக் கூடைக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே நிமிர்ந்தார்.

"ஆமாங்க டீச்சரம்மா," என்றார். "வேலை செய்யுது."